ஏழு விநாடிச் சீட்டும் இரட்டை உறையும்

ஆரணியில் பட்டுத் தறி ஓடுகிற வீடுகள் பலவற்றுக்குள் நுழைந்தால், குழித்தறிக்கு மேலே கூரையை எட்டிக்கொண்டு நிற்கிற ஜக்கார்டுப் பெட்டியும், நூலால் பிணைத்து வரிசையாகத் தொங்கவிட்டிருக்கிற துளை அட்டைகளும் முதலில் கண்ணிற்படும். நெசவாளர் மிதியை ஒருமுறை அழுத்தினால் ஓர் அட்டை முன்வந்து ஊசிகளின்மேல் பொருந்துகிறது. துளையுள்ள இடத்தில் ஊசி உள்ளே புக, அதற்குரிய பாவு இழை மேலெழுகிறது. துளையில்லாத இடத்தில் ஊசி தள்ளுண்டு, இழை கிடந்தபடியே கிடக்கிறது. எழுந்த இழைக்கும் கிடந்த இழைக்கும் நடுவே நாடா ஓடி ஜரிகையைப் பாய்ச்ச, அட்டைக்கு அட்டை ஒரு வரியாக அன்னமோ மயிலோ மாங்காயோ கரையில் உருப்பெறுகிறது. லியோன் நகரத்துப் பட்டுத் தறிகளுக்காக ஜோசப் மேரி ஜக்கார்டு என்பவர் 1804-ஆம் ஆண்டையொட்டி அமைத்துக் கொடுத்த உபாயம் இது. இதே துளை அட்டையைத்தான், கடல் கடந்து, 1890-ஆம் ஆண்டு அமெரிக்க ஜனத்தொகைக் கணக்கை விரைவில் முடிப்பதற்கு ஹெர்மன் ஹாலரித் கையாண்டார். ரயிலில் கண்டக்டர் டிக்கெட்டில் துளையிடுவதைப் பார்த்தே தமக்கு அந்த யோசனை தோன்றியதென்று அவர் சொல்லியிருக்கிறார். எனினும் தறியின் அட்டையே அதற்கு மூத்தது என்பதில் ஐயமில்லை. 1960-களில் அந்நாட்டின் பல ராஜ்யங்களில் அதே அட்டை வாக்குச் சீட்டாகவும் ஆகிவிட்டது: விரும்பிய அபேட்சகரின் பெயருக்கு நேரே ஊசியால் குத்தித் துளையிட்டால் வாக்கு; துளைகளை எண்ணுவது யந்திரத்தின் வேலை.

அந்த அட்டை 2000-ஆம் ஆண்டு நவம்பரில் உலகத்தின் முன்னால் மானம் இழந்தது. ஃப்ளோரிடா ராஜ்யத்தில் ஜனாதிபதித் தேர்தலின் முடிவு 537 வாக்கு வித்தியாசத்தில் ஊசலாடியபோது, குத்திய துண்டு முழுவதும் விழாமல் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு தொங்கிய அட்டைகளை வாக்காகக் கொள்வதா, வெறும் வடுவாகத் தள்ளுவதா என்று, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்த அதிகாரிகளின் படங்களை அன்றைக்குப் பத்திரிகை வாசித்தவர் எவரும் மறந்திருக்கமாட்டார். டிசம்பர் 12-ஆம் தேதி அந்நாட்டு உச்ச நீதிமன்றம் மறுஎண்ணிக்கையை நிறுத்த, ஜார்ஜ் புஷ் ஜனாதிபதியானார். நம் நெசவாளரானால், துளை சரியாக விழாத அட்டையைப் பூ பிசகிய மறு வரியிலேயே கண்டுபிடித்து எடுத்துவிடுவார். வாக்கில் அத்தகைய மறு வரி கிடையாது என்பதே சங்கடம்.

அவமானத்தைத் துடைக்க வேண்டுமென்ற அவசரத்தில், 2002-ஆம் ஆண்டில் அந்நாட்டு மத்திய சர்க்கார் ஒரு சட்டம் இயற்றிப் பெரும் பணத்தை ஒதுக்க, தொடுதிரை யந்திரங்களை அநேக ராஜ்யங்கள் வாங்கின. அவற்றிற் பலவற்றில் காகிதமே கிடையாது. 2003-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் டீபோல்டு கம்பெனியின் யந்திர நிரலைப் படித்துப் பார்த்துவிட்டு, அதன் பாதுகாப்பு மிகவும் பலவீனமானது என்று பகிரங்கமாக எழுதினார்கள். இதன் விளைவாக ஒரு விசித்திரம் நிகழ்ந்தது. யந்திரத்தில் விசுவாசம் இழந்தவர்கள், வாக்குச்சாவடிக்கே போகாமல், வர இயலாதவர்களுக்கென்று ஏற்பட்ட தபால் வாக்கைக் கேட்டு வாங்கத் தொடங்கினார்கள். அதுவாவது காகிதமாயிற்றே என்பது அவர்கள் வாதம். 2004-இல் ஃப்ளோரிடாவின் குடியரசுக் கட்சியே, புதிய யந்திரங்களில் காகிதச் சான்று இல்லை என்று சொல்லித் தன் ஆதரவாளர்களைத் தபால் வாக்குக்குத் தூண்டும் பிரசுரத்தை அனுப்பியது. ராஜ்யத்தை ஆண்டதும் அதே கட்சி, யந்திரத்தைச் சிலாகித்ததும் அதே ஆட்சி என்பதைக் கருதினால் சிரிப்பு வருகிறது. 2006 செப்டம்பரில் மேரிலாந்தில் கட்சி அபேட்சகர்களைத் தேர்ந்தெடுக்கும் முதனிலைத் தேர்தல் குளறுபடியானதும், அந்த ராஜ்யத்தின் கவர்னர் ராபர்ட் எர்லிக், நவம்பர்த் தேர்தலில் தபால் மூலமே வாக்களியுங்கள் என்று ஜனங்களுக்கு யோசனை சொன்னார்.

யந்திரத்தை நம்பவில்லையானால் தபாலில் போடு என்ற அந்த யோசனை நம் நாட்டில் செல்லுமா, செல்லுமானாலும் அது விவேகமா என்பதே இங்கே ஆராயத்தக்க விஷயம். ஆரணிச் சுற்றுவட்டாரம் இந்த ஆராய்ச்சிக்கு மிகவும் ஏற்றது. முள்ளிப்பட்டிலும் தேவிகாபுரத்திலும் தறி வைத்திருக்கிறவர்கள் 2019 டிசம்பரில் ஊரக உள்ளாட்சித் தேர்தலுக்குப் போனபோது, வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் என்று நால்வருக்கும் நான்கு வர்ணச் சீட்டுகளைக் கையில் வாங்கி, முத்திரை குத்தி, மடித்துப் பெட்டியில் போட்டார்கள். அவர்களுடைய பட்டையே வாங்கி விற்கிற ஆரணி நகரத்தார் 2022 பிப்ரவரியில் நகராட்சித் தேர்தலுக்குப் போனபோது பொத்தானை அழுத்தினார்கள். ஆனால் அந்த யந்திரத்தோடு சரிபார்க்கும் சீட்டு இணைந்திருக்கவில்லை. இருசாராரும் 2024 ஏப்ரல் 19-ஆம் தேதி ஆரணி மக்களவைத் தொகுதிக்கு வாக்களித்தபோது பொத்தானும் இருந்தது, கண்ணாடிக்குப் பின்னே சீட்டும் இருந்தது. ஐந்தாண்டுக்குள், ஒரே சுற்றுவட்டாரத்தில், மூன்று விதமான வாக்கு! மூன்றில் எதை அதிகம் நம்புகிறீர்கள் என்று ஜனங்களைக் கேட்டால், ஜயித்தவர்கள் மூன்றையும் நம்புவதாகவும் தோற்றவர்கள் மூன்றையும் சந்தேகிப்பதாகவும் சொல்லக்கூடும். ஆகையால் அந்த மார்க்கத்தில் உண்மையைத் தேடுவதில் பிரயோஜனமில்லை.

காகிதச் சீட்டின் காலத்தைப் பொற்காலமாக நினைத்து ஏங்குகிறவர்களுக்கு மொடக்குறிச்சியை நினைவூட்ட வேண்டும். 1996-ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலில் அந்தத் தொகுதியில் 1,033 பேர் போட்டியிட, வாக்குச் சீட்டு ஒரு புத்தகமாகவே அச்சாயிற்று; தேர்தலும் ஒரு மாதம் தள்ளிப்போயிற்று. அது விவசாயிகளின் எதிர்ப்பு என்பதனால் அதில் ஒரு கம்பீரமாவது இருந்தது. சாவடியைக் கைப்பற்றிக் கட்டுக்கட்டாகச் சீட்டில் முத்திரை குத்திப் பெட்டியை நிரப்பிய வடநாட்டு வழக்கங்களில் யாதொரு கம்பீரமும் கிடையாது. நிமிடத்திற்கு நான்கைந்து வாக்குக்குமேல் வாங்காத யந்திரம் அந்த அக்கிரமத்தின் வேகத்தையேனும் குறைத்தது என்பதை யந்திரத்தின் விரோதிகளும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

யந்திரத்தின் ஜன்மம் தமிழருக்கு அந்நியமானதன்று. தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த சக்தர் 1977-இல் தொடங்கிவைத்த எண்ணத்தை ஐதராபாத்தின் எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷனும் பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸும் உருவாக்கின. பெங்களூரில் அதன் வடிவமைப்பையும் உற்பத்தியையும் மேற்பார்த்த பொறியாளர்களில் ஒருவர், வாரப் பத்திரிகை வாசகர்களுக்குச் சுஜாதா என்று அறிமுகமான ரங்கராஜன். முதன்முதலாக 1982 மே 19-ஆம் தேதி கேரளத்துப் பறவூர் தொகுதியில் 50 சாவடிகளில் அது வைக்கப்பட்டது. கம்யூனிஸ்டு அபேட்சகரான சிவன் பிள்ளை தேர்தலுக்கு முன்பே அதை ஆட்சேபித்து வழக்காடினார். பிறகு 123 வாக்கில் தாமே ஜயித்துவிட்டார்! உடனே தோற்ற காங்கிரஸ்காரரான ஏ.சி. ஜோஸ் அதே ஆட்சேபத்தைக் கையிலெடுத்துக்கொண்டு நீதிமன்றம் ஏறினார். 1984 மார்ச் 5-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், சட்டத்தில் இடமில்லாத யந்திரத்தை ஆணையம் தன்னிச்சையாகப் புகுத்தலாகாது என்று தீர்ப்பளித்தது. அந்தச் சாவடிகளில் காகிதத்தில் மறுவாக்கெடுப்பு நடக்க, ஜோஸ் வென்றார். பறவூரை நான் விரிவாகச் சொல்வதற்குக் காரணம், அன்று முதல் இன்றுவரை இந்த விவகாரத்தில் வாதிகள் இடம் மாறிக்கொண்டே இருக்கிறார்கள், வாதம் மட்டும் மாறவில்லை என்பதுதான். 1988-இல் யந்திரத்துக்கு இடந்தரும்படி சட்டம் திருத்தப்பட்டு 61ஏ பிரிவு சேர்ந்தது. 2001 மே மாதச் சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாடு முழுவதும், 2004-இல் தேசம் முழுவதும் பொத்தானுக்கு மாறின.

யந்திரத்தின் அங்கங்கள் மூன்று. வாக்காளர் எதிரே பொத்தான்கள் வரிசையாயுள்ள வாக்குப்பதிவுப் பெட்டி; அதிகாரியின் மேஜைமீது கண்ட்ரோல் யூனிட்; இரண்டிற்கும் இடையே விவிபேட் என்று இப்போது குழந்தைகளும் சொல்லுகிற சீட்டு யந்திரம். இன்டர்நெட்டோடோ வேறெந்த வலைப்பின்னலோடோ அவற்றுக்கு இணைப்புக் கிடையாது. ஆகையால், எங்கோ ஒரு தேசத்தில் உட்கார்ந்துகொண்டு எவனோ ஆரணியின் வாக்கைத் திருப்பிவிடுவான் என்கிற வாட்ஸ்அப் கதைகளை நாம் ஒதுக்கிவிடலாம். ஒதுக்க முடியாத சந்தேகம் வேறு. 2010-ஆம் ஆண்டில் ஐதராபாத்தைச் சேர்ந்த ஹரிபிரசாத், மிச்சிகன் பல்கலைக்கழகத்து அலெக்ஸ் ஹால்டர்மன், நெதர்லாந்துக்காரரான ரோப் கோங்கிரைப் ஆகிய மூவரும் தம் துணைவர்களுடன் ஒரு யந்திரத்தைத் திறந்து ஆராய்ந்து, எண்ணிக்கையைக் காட்டும் பலகையை எடுத்துவிட்டு அச்சாக அதைப்போன்ற வேறொன்றை வைத்து, கைப்பேசியின் மூலம் பொய்க்கணக்குக் காட்டச் செய்யலாம் என்றும், நினைவுச் சில்லில் கவ்விக்கொள்ளும் சிறு கருவியால் பதிந்த வாக்கையே மாற்றலாம் என்றும் காண்பித்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில், யந்திரம் எப்படிக் கிடைத்தது என்று கேட்டு ஹரிபிரசாத்தைக் கைது செய்தார்கள். குற்றம் கண்டவனைச் சிறையிலிட்டதனால் குற்றம் இல்லையென்று ஆகிவிடாது. எனினும் அவர்கள் காட்டிய இரண்டு உபாயங்களுக்கும் யந்திரத்தைக் கையால் தொட்டாக வேண்டும் என்பதையும் கவனிக்க வேண்டும். தொட முடியாதபடி காப்பது யார் என்பதில்தான் கேள்வி வந்து நிற்கிறது.

இதைக் காப்பதற்கு ஏற்பட்ட சடங்குகளை அருகில் நின்று பார்த்தவர்கள் குறைவு. தேர்தலுக்கு வெகு நாட்களுக்கு முன்பே, கட்சிப் பிரதிநிதிகளின் எதிரில் ஒவ்வொரு யந்திரமும் திறந்து பரிசோதிக்கப்படுகிறது. எந்த யந்திரம் எந்தத் தொகுதிக்கு என்பதையும், பின்னர் எந்தச் சாவடிக்கு என்பதையும் கம்ப்யூட்டர் குலுக்கல் முறையில் இரண்டு தடவை தீர்மானிக்கிறது. வாக்குப்பதிவு நாளன்று, பொழுது விடிகிற வேளையில், பூத் ஏஜென்டுகள் எதிரில் மாதிரி வாக்குப்பதிவாக ஐம்பது வாக்காவது போட்டு, யந்திரத்தின் கணக்கையும் சீட்டுகளின் கணக்கையும் ஒப்பிட்டு, அப்புறம் யந்திரத்திலுள்ள கணக்கை அழித்து, சீட்டுகளை வெளியே எடுத்துவிட்டு, பச்சைக் காகித முத்திரையில் ஏஜென்டுகள் கையெழுத்துப் போட்டு ஒட்டுகிறார்கள். மாலையில் மொத்தம் எத்தனை வாக்கு என்பது 17சி என்னும் படிவத்தில் எழுதப்பட்டு ஒவ்வொரு ஏஜென்டின் கையிலும் ஒரு பிரதி தரப்படுகிறது. அதன் பின்னர் ஸ்ட்ராங் ரூம், இரட்டைப் பூட்டு, கேமரா, துப்பாக்கிப் போலீஸ், வாசலில் பந்தலடித்துக்கொண்டு பலகாரமும் சீட்டுக்கட்டுமாக ராத்திரி கண்விழிக்கிற கட்சித் தொண்டர்கள். இந்தத் தொண்டர்களைப் பார்த்துப் படித்தவர்கள் நகைப்பதுண்டு. என் அபிப்பிராயத்தில், பச்சை முத்திரையில் எதிர்க்கட்சிக்காரர் போட்ட கிறுக்கல் கையெழுத்தும், பந்தலில் கொட்டாவி விடுகிற அந்த இரு கட்சித் தொண்டர்களின் பரஸ்பர அவநம்பிக்கையும் சில்லுக்குள் இருக்கிற எந்த ரகசியத்தைக் காட்டிலும் உறுதியான காவல். ஒரு கட்சிக்கு ஏஜென்டு இல்லாத சாவடியில் அந்தக் காவல் பாதியாகிவிடுகிறது.

காவல் எவ்வளவு பலமாயிருந்தாலும், வாக்களித்தவன் தன் வாக்கைக் கண்ணால் காணவில்லை என்ற குறை எஞ்சி நின்றது. அதற்குப் பரிகாரமாகவே 2013 செப்டம்பரில் நாகாலாந்தின் நோக்சென் இடைத்தேர்தலில் விவிபேட் அரங்கேறியது. அவ்வாண்டு அக்டோபர் 8-ஆம் தேதி சுப்பிரமணியன் சுவாமி தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் காகிதச் சான்று இன்றியமையாதது என்று சொல்லி, அதைப் படிப்படியாகக் கொண்டுவரப் பணித்தது. பொத்தானை அழுத்தியதும் அபேட்சகரின் வரிசை எண், பெயர், சின்னம் மூன்றும் அச்சிட்ட சீட்டு, கண்ணாடிக்குப் பின்னே ஏழு விநாடி ஒளிர்ந்துவிட்டு, அறுந்து உள்ளே விழுகிறது. சீட்டில் வேறு பெயர் கண்டால் முறையிடலாம். ஆனால் பரிசோதனை வாக்குப் போட்டுப் பார்த்து முறையீடு பொய்யென்று தெரிந்தால் தண்டனைக்கும் ஆளாகலாம். இந்த இரண்டாம் பாதியைக் கேட்ட சாதுவான மனிதர், ஏழு விநாடியில் தாம் கண்டது சரிதானா என்று தம் கண்ணையே சந்தேகித்துக்கொண்டு பேசாமல் வெளியே வந்துவிடுவார்.

விழுந்த சீட்டுகள் எத்தனை எண்ணப்படுகின்றன? முதலில் தொகுதிக்கு ஒரு சாவடி. 2019 ஏப்ரல் 8-ஆம் தேதி, சந்திரபாபு நாயுடு முதலான எதிர்க்கட்சித் தலைவர்களின் வழக்கில், சட்டமன்றத் தொகுதி ஒன்றுக்கு ஐந்து சாவடிகள் என்று நீதிமன்றம் உயர்த்தியது. ஆரணி மக்களவைத் தொகுதியில் போளூர், ஆரணி, செய்யாறு, வந்தவாசி, செஞ்சி, மயிலம் என்று ஆறு சட்டமன்றத் தொகுதிகள். ஆகவே முப்பது சாவடிகளின் சீட்டுகள் எண்ணப்பட, ஏனைய ஆயிரத்துச் சொச்சம் சாவடிகளின் சீட்டுகள் எண்ணப்படாமலே உறங்குகின்றன. எல்லாவற்றையும் எண்ணுங்கள் என்று கேட்ட வழக்கை 2024 ஏப்ரல் 26-ஆம் தேதி நீதிபதிகள் சஞ்சீவ் கன்னாவும் தீபாங்கர் தத்தாவும் தள்ளிவிட்டார்கள். விவிபேட்டில் சின்னம் ஏற்றும் கருவியையும் முத்திரையிட்டு நாற்பத்தைந்து நாள் காக்க வேண்டும் என்றும், இரண்டாம் மூன்றாம் இடம் பெற்றவர்கள் ஏழு நாளுக்குள் பணம் கட்டிக் கேட்டால் நூற்றுக்கு ஐந்து யந்திரங்களின் சில்லைப் பரிசோதிக்க வேண்டும் என்றும் மட்டும் ஆணையிட்டார்கள். ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றமோ 2009 மார்ச் 3-ஆம் தேதி வேறொரு நியாயத்தை உரைத்தது: வாக்கு எண்ணும் முறையின் முக்கியப் படிகளை விசேஷ சாஸ்திர ஞானம் இல்லாத சாமானியப் பிரஜை சோதித்தறிய முடியவேண்டும், அது முடியாத யந்திரம், பிழையே செய்யாவிட்டாலும், சாசனத்துக்கு விரோதமானது.

இந்த இரண்டு தீர்ப்புகளுக்கும் நடுவில் இருக்கிற பேதத்தை ஆரணி நெசவாளருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டுப் பட்டுத் தறிகளிலே மின்னணு ஜக்கார்டு ஏறத் தொடங்கிய பிறகு, அட்டைக் கற்றைக்குப் பதிலாக ஒரு சிறு பெட்டி. டிசைன் அதனுள்ளே பென் டிரைவில் ஏறி வருகிறது. அட்டை கட்டும் செலவும் அதை மாற்றுகிற உபத்திரவமும் ஒழிந்தன, மறுப்பதற்கில்லை. ஆனால் மயிலின் கழுத்து ஒரு நாள் கோணிக்கொண்டால், முன்பு நெசவாளரே அட்டையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பிசகிய துளையைக் கண்டுபிடித்தார். இன்று டிசைன் போட்டவருக்குப் போன் செய்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது. டிசைனர் யோக்கியர்தான், பெரும்பாலும் டிசைனும் சரியாகத்தான் இருக்கும். அப்படியிருந்தும் புடவைக்குப் பொறுப்பு தம்முடையதாயும், பிழையைக் காணும் சக்தி வேறொருவருடையதாயும் போய்விட்டதே என்பது அவருக்கு உறுத்தும். ஏற்கெனவே அச்சாகிப் பெட்டிக்குள் கிடக்கிற சீட்டுகளை எண்ணிவிட்டால் இந்த உறுத்தல் பெருமளவு தீர்ந்துபோகும். யந்திரத்தின் கணக்குக்கும் சீட்டின் கணக்குக்கும் முரண் வந்தால் சீட்டே செல்லும் என்று விதியும் இருக்கிறது. எண்ணிக்கை சில மணி நேரம், வேண்டுமானால் ஒரு முழு நாள், தாமதமாகும். வாக்குப்பதிவுக்கும் எண்ணிக்கைக்கும் இடையே ஆறு வாரத்துக்குமேல் 2024-இல் காத்திருந்த ஆரணித் தொகுதியார் இன்னும் ஒரு நாள் காத்திருக்கமாட்டார்களா?

யந்திரத்தை அப்படியே விட்டு, தபாலுக்கு வருவோம். அமெரிக்கனைப்போல், எனக்கு யந்திரத்தில் நம்பிக்கையில்லை, காகிதம் அனுப்பு என்று கேட்கும் உரிமை இந்தியப் பிரஜைக்கு இல்லை. ராணுவத்தினர், தேர்தல் பணியிலிருப்போர், தடுப்புக் காவலில் உள்ளோர் போன்ற சிலருக்கு மட்டுமே தபால் வாக்கு நெடுங்காலமாக இருந்தது. 2019 அக்டோபரில் விதிகள் திருத்தப்பட்டு, எண்பது வயது கடந்த முதியோரும் மாற்றுத் திறனாளிகளும் வாக்குச்சாவடிக்கு வர இயலாத வாக்காளர்களாக அந்தப் பட்டியலில் சேர்ந்தார்கள். 2020-இல் வயதை அறுபத்தைந்தாகக் குறைக்க ஒரு திருத்தம் வந்து, நடைமுறைக்கு வராமலே போயிற்று; 2021-இல் இந்த ஏற்பாட்டையே எதிர்த்துத் தி.மு.க. தொடுத்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் நிராகரித்தது. 2024 மார்ச்சில் வயது எண்பத்தைந்தாக ஏறியது. நாற்பது சதவீதத்துக்குக் குறையாத உடற்குறை உடையவர்களுக்கும் இது உண்டு. பி.எல்.ஓ. என்னும் வாக்குச்சாவடி நிலை அலுவலர் கொண்டுவருகிற 12டி விண்ணப்பப் படிவத்தைத் தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாளுக்குள் நிரப்பிக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்த பிறகு மனம் மாறிச் சாவடிக்குப் போக இயலாது, பட்டியலில் அவர் பெயருக்கு நேரே தபால் வாக்கு என்று குறி விழுந்துவிடும்.

ஆகவே ஆரணியில் இந்தத் தேர்வு உண்மையாகவே யாருக்கு இருக்கிறதென்றால், அறுபது வருஷம் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு முழங்கால் தேய்ந்துபோன கிழவருக்கும், நூல் சுற்றிச் சுற்றிக் கண் மங்கிய கிழவிக்கும் இருக்கிறது. அத்தகைய வீட்டுக்கு வாக்கு வருகிற விதத்தைக் கற்பனை செய்துகொள்வது சிரமமன்று. கூடத்தில் பாதியைத் தறி அடைத்துக்கொண்டிருக்க, மற்றப் பாதியில் அதிகாரிகள் இருவர், வீடியோ எடுப்பவர், ஒரு போலீஸ்காரர், ஆக நால்வரும் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தால், வீட்டார் தெருவுக்குத்தான் போக வேண்டும். அட்டையாலான மறைப்பை எங்கே வைப்பது என்று பார்த்து, கடைசியில் தறிக்குப் பக்கத்திலுள்ள பெஞ்சின்மேல் வைப்பார்கள். “ஆயா, யாரும் பாக்கமாட்டாங்க. நீங்களே ரோசனை பண்ணி டிக் அடிங்க” என்று அதிகாரி சொல்ல, ஆயா, “எங்கடா கண்ணு, எழுத்தே தெரியலையே” என்று மகனைத் தேட, மகன் துணைக்கு வருவதற்கும் விதியில் இடம் இருக்கிறது. வாக்குச் சீட்டைச் சிறு உறையிலிட்டு ஒட்டி, உறுதிமொழித் தாளில் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கி அதிகாரி சான்றொப்பமிட்டு, இரண்டையும் பெரிய உறையிலிட்டு மூடுகிறார்கள். முதியவரை ஆட்டோவில் ஏற்றி இறக்கி வெயிலில் வரிசையில் நிறுத்துகிற கொடுமை நீங்கிற்று. இது பெரிய உபகாரம், சந்தேகமில்லை. ஆனால் சாவடியின் மறைப்புக்குள் மருமகளோ, கடன் கொடுத்தவரோ, கூலிக்கு நூல் கொடுக்கும் முதலாளியோ வர முடியாது. வீட்டில் அதிகாரிகள் வருவதற்கு முதல் நாள் இரவே அவர்கள் எல்லாரும் வந்து போயிருக்கலாம்.

காகிதம் என்பதனால் மட்டும் வாக்குப் பத்திரமாகிவிடாது என்பதற்கு நம் ராஜ்யத்திலேயே பிரத்தியட்சச் சான்று ராதாபுரம். 2016 சட்டமன்றத் தேர்தலில் அங்கே அ.தி.மு.க.வின் இன்பதுரை, தி.மு.க.வின் அப்பாவுவை 49 வாக்கு வித்தியாசத்தில் வென்றதாக அறிவிக்கப்பட்டது. யந்திரத்தை அங்கே யாரும் பெரிய குற்றவாளியாக்கவில்லை. சண்டையின் மையம், தள்ளுபடியான 203 தபால் வாக்குகள். தலைமையாசிரியர் சான்றொப்பமிட்டிருக்கிறார், அவர் அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி அல்லர் என்பது தள்ளியதற்குச் சொன்ன காரணம். தேர்தல் வேலை பார்ப்பவர்களே பெரும்பாலும் ஆசிரியர்கள். வாக்குச்சாவடியை நடத்தத் தகுதி படைத்தவர் ஓர் உறுதிமொழித் தாளில் கையெழுத்துப் போடத் தகுதியற்றவரா என்ற கேள்வி மூன்று வருஷத்துக்குமேல் நீதிமன்றத்தில் நடந்தது. 2019 அக்டோபர் 1-ஆம் தேதி உயர் நீதிமன்றம் அந்தத் தபால் வாக்குகளையும் கடைசி மூன்று சுற்றுகளையும் மறுபடி எண்ணச் சொல்லிற்று. அக்டோபர் 4-ஆம் தேதி எண்ணியும் ஆயிற்று. முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. எண்ணப்பட்ட வாக்கு உறைக்குள்ளேயே கிடக்க, சட்டமன்றத்தின் ஐந்தாண்டு ஓடிப்போய், 2021-இல் அப்பாவு அதே தொகுதியில் ஜயித்துச் சபாநாயகரானார். அமெரிக்காவிலும் இதைவிட மோசமாக நடந்திருக்கிறது. 2018-இல் வட கரோலினாவின் ஒன்பதாவது காங்கிரஸ் தொகுதியில், ஓர் அபேட்சகருக்காக வேலை செய்த தரகர்கள் வீடு வீடாகப் போய்த் தபால் வாக்குகளை முறைகேடாகச் சேகரித்தது வெளிவர, 905 வாக்கு வித்தியாசத்தில் கிடைத்த வெற்றியை ஒப்புக்கொள்ள மறுத்து, அடுத்த வருஷம் புதுத் தேர்தலே நடத்தினார்கள். அங்கே எந்த யந்திரமும் பழுதாகவில்லை.

தபால் வாக்கு நியாயமாகத் தேவைப்படுகிறவர்களுக்கு அது எட்டவில்லை என்பதையும் போகிறபோக்கில் சொல்லிவிடுகிறேன். தறியை விட்டு இறங்கி ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளுக்கும் பெங்களூருக்கும் போன இளைஞர், பஸ் செலவையும் ஒரு நாள் சம்பளத்தையும் இழந்தால்தான் ஆரணியில் வாக்களிக்க முடியும். அவர்களுக்காக எழுபத்திரண்டு தொகுதிகளின் வாக்கை ஒரே யந்திரம் வாங்கும் என்று ஆணையம் ஒரு மாதிரியைச் செய்து, 2023 ஜனவரி 16-ஆம் தேதி கட்சிகளை அழைத்துக் காட்ட எண்ணியது. எதிர்க்கட்சிகள் ஆட்சேபிக்க, யந்திரம் பெட்டிக்குள் போயிற்று.

எண்ணிக்கையில் தபாலின் வரிசை பற்றியும் அண்மையில் ஒரு நல்ல மாற்றம் வந்தது. காலை எட்டு மணிக்குத் தபால் உறைகள் பிரிக்கப்பட்டு, அரைமணி கழித்து யந்திரங்கள் திறக்கப்படும். ஆனால் தபால் எண்ணி முடியுமுன்பே யந்திரங்களின் கடைசிச் சுற்றும் முடிந்து, இத்தனை வாக்கு வேண்டியிருக்கிறது என்று தெரிந்த பிறகு உறைகளைச் செல்லும் செல்லாது என்று பிரிக்கிறார்கள் என்ற சந்தேகத்துக்கு இடமிருந்தது. கடைசிக்கு முந்திய சுற்றைத் தொடங்குவதற்கு முன் தபால் வாக்குகளை எண்ணி முடித்துவிட வேண்டும் என்று 2025 செப்டம்பரில் ஆணையம் உத்தரவிட்டது. ராதாபுரத்தைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இன்னொன்று கட்சிகளின் கையிலேயே இருக்கிறது. முதியவர்களின் வீடுகளுக்கு அதிகாரிகள் எந்த நாள், எந்தத் தெருவுக்குப் போகிறார்கள் என்ற பட்டியலை அபேட்சகர்களுக்கு முன்னதாகக் கொடுத்துவிட வேண்டும், அவர்கள் தம் பிரதிநிதியை உடன் அனுப்பலாம் என்பது விதி. தேர்தல் நெருங்கியதும் ஆரணியின் வார்டுச் செயலாளர்கள் எந்தச் சாவடிக்கு யார், மாற்று ஆள் யார், காலை டிபன் யார் பொறுப்பு என்று நோட்டுப் புத்தகத்தில் பட்டியல் எழுதுவார்கள். அதே நோட்டில் 12டி கொடுத்த வீடுகளின் பக்கம் ஒன்றையும் சேர்த்து, தெருவுக்கு ஓர் ஆளை நியமித்து, உறை ஒட்டப்படுவதைப் பார்த்து, அன்று மாலை அது தேர்தல் அலுவலரிடம் சேர்ந்த எண்ணிக்கையையும் 17சி படிவத்தைப்போலவே குறித்துக்கொண்டு வரச் சொல்லலாம். அதற்குச் சட்டத் திருத்தமும் வேண்டாம், உச்ச நீதிமன்றமும் வேண்டாம். சித்திரை வெயிலில் நாலு தெரு நடக்கிற ஆள் ஒருவர் போதும்.